சிவப்பில் மட்டும் தெரிந்த பட்டி: ஓலெட் திரையின் தாங்கிப் பொருள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

போன் திருத்தும் கடைக்கு ஆய்வுக்கு வந்தது மூன்றாண்டு பாவித்த ஓலெட் (பின்னொளி இல்லாமல் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிவிடும்) திரைப் போன் ஒன்று. உரிமையாளர் திருகோணமலை நகரில் ஓட்டோ ஓடுபவர். உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களுக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் ஆட்களை ஏற்றி இறக்குவது தொழில். போன் முன்கண்ணாடியில் ஒட்டிய பிடியில் காலை முதல் மாலை வரை நிற்கும். பயணிகள் ஓட்டோ அழைக்கும் செயலி மூடப்படுவதே இல்லை. அதன் பின்னணி கறுப்பு. அடியில் திரை அகலத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான். வெயிலில் எழுத்துத் தெரியவேண்டும் என்பதால் பிரகாசம் எப்போதும் உச்சத்தில்.

முறைப்பாடு ஒன்றுதான்: வெள்ளைப் பக்கம் திறந்தால் அடியில் பச்சையும் நீலமும் கலந்தாற்போல ஒரு பட்டி தெரிகிறது.

"தம்பி, மழைக்குள்ள தண்ணி கிண்ணி போயிருக்குமோ?"

"இல்லையண்ணை. தண்ணி போனா கறுப்புப் புள்ளி விழும், ஓரத்தில இருந்து பரவும். இது நேர்கோடு பிடிச்ச மாதிரி நிக்குது. உங்கட பொத்தான் நிக்கிற இடம் இதுதானே?"

பொத்தான் நிற்கும் இடமேதான்.

கடல் அருகே இருக்கும் ஊரில் எந்தத் திரைக் கோளாறுக்கும் முதற் குற்றவாளி உப்புக் காற்றும் ஈரமும்தான். பலமுறை அது சரியாகவும் இருக்கும். ஆனால் இங்கே அதைத் தள்ளிவைக்க ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. முதலில் பட்டி தெரியும்போதே ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வேறொரு போனில் பார்த்தார்கள். படத்தில் பட்டி இல்லை. ஆகவே மென்பொருள் அல்ல, திரையே. பிறகு இருட்டறையில் முழுக்கறுப்புப் படம்: திரையிலிருந்து வெளிச்சம் துளியும் இல்லை. பின்னொளி உள்ள கொப்பி எல்சிடி என்றால் சாம்பல் மினுக்கம் தெரிந்திருக்கும். அதன்பின் முழுச்சிவப்பு, முழுப்பச்சை, முழுநீலம் என மூன்று படங்கள். பச்சையில் ஒன்றும் இல்லை, நீலத்தில் ஒன்றும் இல்லை, சிவப்பில் பட்டி கறுத்து நின்றது. கண்ணாடிக்கும் திரைக்கும் இடையிலுள்ள பசை மஞ்சளாகியிருந்தால் நீலத்தில்தான் அதிகம் காட்டியிருக்கும். வெள்ளையிலிருந்து சிவப்பைக் கொஞ்சம் எடுத்தால் மிஞ்சுவது பச்சை-நீலச் சாயல். முறைப்பாட்டின் நிறம் அங்கிருந்து வந்தது.

திருத்தும் மேசையிலிருந்த உருப்பெருக்கியின் கீழே சிவப்புத் துணைப்பிக்சல்கள் முழு வடிவத்தோடு இருந்தன. விளிம்பு அரிபடவில்லை, நடுவில் கறுப்புப் புள்ளி இல்லை. ஒவ்வொன்றும் பக்கத்து வரிசையைவிட ஒரே அளவாக மங்கியிருந்தது. ஈரம் நுழைந்தால் இப்படிச் சீராக மங்காது. அது கதோட்டின் (எதிர்மின்வாயின்) ஊசித்துளைகள் வழியே இறங்கி வட்டம் வட்டமாகக் கறுப்பைப் பரப்பும். அதைத் தடுக்க ஓலெட் உறைக்கு வைக்கப்படும் வழமையான இலக்கு, சதுரமீற்றருக்கு ஒரு நாளைக்கு ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நீராவி. இந்தப் போனில் உறை கெடவில்லை.

எவ்வளவு மங்கியது என்பதற்குக் கருவி தேவைப்படவில்லை. பட்டி இருந்த இடத்தில் சிவப்பு 255 இல் நிற்க, சுற்றியுள்ள இடத்தின் சிவப்பைப் படிப்படியாக இறக்கும் ஒரு படம் செய்யப்பட்டது. 230 க்கு வந்தபோது பட்டி கண்ணுக்கு மறைந்தது. திரையின் காமா (எண்ணை ஒளியாக மாற்றும் அடுக்கு) 2.2 என்று எடுத்தால், 230 ஐ 255 ஆல் பிரித்து 2.2 ஆம் அடுக்கு ஏற்றினால் கிடைப்பது 0.80. பட்டி தன் ஒளியில் ஐந்திலொரு பங்கை இழந்திருக்கிறது. கமராவால் படமெடுத்து எண்களைப் பார்ப்பதைவிட இந்தச் சமன்செய்யும் முறை நம்பகமானது. கமரா தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தைத் திருத்திவிடும்.

மங்கியது ஏன் சிவப்பு?

ஓலெட்டில் முதலில் களைப்பது நீலம் என்பதுதான் பொதுவான அனுபவம். நீண்டகாலமாகப் போன் திரைகளில் சிவப்பும் பச்சையும் பொசுபொரொளிர்வு வகை (மும்மை நிலையிலிருந்தும் ஒளிவிடுவது), நீலம் புளோரொளிர்வு வகை (ஒருமை நிலையிலிருந்து மட்டும் ஒளிவிடுவது); இந்த இரு நிலைகளும் கீழே வரும். நீலத்தின் ஒளித்துணிக்கைக்குச் சக்தி அதிகம், அதனால் பிணைப்புகளை முறிக்கும் வாய்ப்பும் அதிகம். ஆகவே சிவப்பு மட்டும் மங்கிய திரை விசித்திரமாகத் தோன்றலாம். விசித்திரம் ஒன்றுமில்லை. அந்த இடத்தில் மூன்றாண்டு வேலை செய்தது சிவப்பு மட்டும்தான். பச்சையும் நீலமும் அங்கே அணைந்தே கிடந்தன. "டார்க் மோட் போட்டிருக்கிறன், திரை தேயாது" என்ற நம்பிக்கை இந்தப் பொத்தானுக்குப் பொருந்தவில்லை.

இரண்டாவது காரணம் சூடு. பல போன்களின் கையேட்டில் பாவிக்கும் சூழல் வெப்பநிலைக்கு மேலெல்லை 35 பாகை செல்சியஸ். கச்சான் (தென்மேற்கு) காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் நிழலிலேயே அந்த எல்லை தாண்டும் நாட்கள் உண்டு. வெயிலைப் பார்த்த கண்ணாடியோடு ஒட்டிய போன், உச்சப் பிரகாசத்தில், வரைபடமும் ஓடிக்கொண்டிருக்கும் நிலையில், கையில் பிடிக்க முடியாத சூட்டுக்கு வரும். பிரகாசம் இரட்டிப்பானால் ஆயுள் இரண்டின் 1.5 ஆம் அல்லது 2 ஆம் அடுக்கால் குறையும் என்பது துறையில் வழக்கமான கணக்கு. அதாவது ஏறத்தாழ மூன்றிலொன்றாகவோ காலாகவோ. சூடு அதன் மேல் இன்னொரு பெருக்கு.

சரி, களைத்தது எது? ஒளிவிடும் சிவப்பு மூலக்கூறா, அதைச் சுற்றியிருக்கும் பொருளா? திருத்தும் கடையில் இதை அறுத்துப் பார்க்க வழியில்லை. இந்தப் போனின் படைக்குள் என்ன பொருள் என்பதையும் எவரும் வெளியே சொல்வதில்லை. ஆனால் சிவப்புப் படை எப்படிக் கட்டப்படுகிறது, எங்கே முறிகிறது என்பது தெரிந்த விடயம்.

தாங்கி செய்யும் வேலை

சிவப்பு ஒளிவிடும் படையின் தடிப்பு 30, 40 நனோமீற்றர் அளவு. அதில் ஒளிவிடும் மூலக்கூறான உமிழி, அதாவது இரிடியம் சிக்கல் (உலோக அணுவைச் சுற்றிக் கட்டிய சேர்மம்), நூற்றுக்குச் சில பங்குதான், தோசைமாவில் போட்ட வெந்தயம் மாதிரி. மீதியெல்லாம் தாங்கி, ஆய்வுகூட வழக்கில் ஹோஸ்ட். அனோட்டிலிருந்து வரும் துளையும் (இலத்திரன் இல்லாத வெற்றிடம், நேர்மின்னேற்றம் போல நகர்வது) கதோட்டிலிருந்து வரும் இலத்திரனும் நடந்து வருவது தாங்கியின் மேல். அவை சேர்ந்து உண்டாகும் எக்சிற்றன் (ஒளியாகக் காத்திருக்கும் சக்திப் பொட்டலம்) பெரும்பாலும் தாங்கியில் பிறந்து உமிழிக்குத் தாவுகிறது, அல்லது நேரே உமிழியிலேயே பிறக்கிறது. எங்கே பிறக்கிறது என்பதில்தான் விடயமே இருக்கிறது.

மின்னால் பிறக்கும் எக்சிற்றன்களில் காற்பங்கு ஒருமை நிலை, முக்காற்பங்கு மும்மை நிலை; இரண்டும் இலத்திரன் சுழற்சியின் அமைப்பால் வேறுபடுபவை. பாரமான இரிடியமோ பிளாற்றினமோ உள்ள உமிழி இரண்டையும் ஒளியாக்கும். 1998 இல் போல்டோ, ஃபொரஸ்ற், தொம்சன் குழுவினர் பிளாற்றினம் போபைரின் சிக்கலை அலுமினியம் குயினோலின் தாங்கியில் கலந்து 650 நனோமீற்றர் அளவில் சிவப்பு எடுத்தார்கள். வெளிக்குவாண்ட விளைதிறன் (உள்ளே போன இலத்திரனுக்கு வெளியே வந்த ஒளித்துணிக்கை) 4 சதவீதம். அடுத்த ஆண்டே உமிழியை மாற்றாமல் தாங்கியை மட்டும் சிபிபி எனப்படும் காபசோல் பொருளாக மாற்றி, துளையைத் தடுக்கும் படை ஒன்றும் சேர்த்தபோது அது 5.6 சதவீதமானது. ஆனால் சதுரமீற்றருக்கு 100 கண்டெலா பிரகாசத்தில் 2.2 சதவீதமாக விழுந்தது. போபைரினின் மும்மை நிலை நீண்ட நேரம் உயிரோடு இருக்கும்; மின்னோட்டம் கூடும்போது ஒன்றோடொன்று மோதி அழியும். 2001 இல் மும்மை நிலை சில மைக்ரோசெக்கனே வாழும் இரிடியம் சிக்கல் அதே சிபிபியில் 616 நனோமீற்றரில் 7 சதவீதம் தந்தது.

இந்த வெற்றிகளால் சிபிபி ஒரு பழக்கமாகிப் போனது. பச்சைக்கு நல்ல தாங்கி, ஆகவே சிவப்புக்கும் நல்லது என்ற நினைப்பு. எங்கள் கணிப்பில் சிவப்புச் சாதனங்களில் நெடுங்காலம் நீடித்த தவறு இதுதான்.

எண்களைப் போட்டால் தெரியும். 620 நனோமீற்றர் சிவப்பின் சக்தி, அலைநீளத்தைச் சக்தியாக்கும் மாறிலி 1240 ஐ 620 ஆல் பிரித்தால் வருவது: 2.0 இலத்திரன் வோல்ற்று. தாங்கியின் மும்மை நிலை அதைவிட 0.2 அளவு மேலே, 2.2 அருகில் இருந்தால் போதும். எக்சிற்றன் திரும்பிப் போகாது. சிபிபியின் மும்மை நிலை 2.56. தேவைக்கு மேல் இருப்பதால் என்ன நட்டம் என்று கேட்கலாம். மும்மை நிலையை மேலே தூக்கினால் மூலக்கூறின் சக்தி இடைவெளி முழுவதும் விரியும். துளை நடக்கும் மட்டம் சிபிபியில் ஏறத்தாழ 6.0, சிவப்பு இரிடியம் உமிழியில் 5.1 அளவு. 0.9 இலத்திரன் வோல்ற்று ஆழமான குழி. அறைவெப்பத்தின் அதிர்வு 0.026 தான், முப்பத்தைந்து மடங்கு ஆழத்துக்குள் விழுந்த துளை சும்மா ஏறி வராது. திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழம் கப்பலுக்கு வாய்ப்பு. துளைக்கு ஆழம் பொல்லாதது.

குழியில் தங்கிய துளை அங்கேயே இலத்திரனைக் காத்திருக்கும். படைக்குள் மின்னேற்றம் தேங்கும், ஓட்டத்தைத் தள்ளக் கூடுதல் வோல்ற்று வேண்டும். கூடவே எக்சிற்றன் மின்னேற்றம் பெற்ற மூலக்கூறுக்குப் பக்கத்தில் பிறந்து, தன் சக்தியை அதன் தலையில் கொட்டும். பிணைப்புகள் முறிவது இப்படித்தான். சிபிபியில் முறிவது காபசோலின் நைதரசனுக்கும் பக்கத்து வளையத்தின் காபனுக்கும் இடையிலான பிணைப்பு. முறிந்த துண்டுகள் ஒளியை விழுங்கும் புதிய குழிகளாகும். உமிழி நலமாக இருந்தும் படை மங்கும்.

சிபிபிக்கு இன்னொரு குறை: கண்ணாடி நிலைமாறு வெப்பநிலை (இறுகிய படை இளகத் தொடங்கும் வெப்பநிலை) 62 பாகை. அதைத் தாண்டினால் உருவற்ற படை மெல்லப் பளிங்காகும். பளிங்கு விளிம்புகளில் ஓட்டம் கசியும். ஓட்டோக் கண்ணாடியில் நிற்கும் போனுக்குள் சிபிபி இருந்தால் ஒரு கச்சான் காலத்தைத் தாண்டுவதே கடினம். இந்தத் திரையில் உருப்பெருக்கியின் கீழ் பளிங்குத் திட்டு எதுவும் இல்லை. விற்பனைக்கு வரும் திரைகளின் தாங்கிகள் வழமையாக 100 பாகைக்கு மேல் நிலைமாறுபவை.

ஆகவே சிவப்புக்கான தாங்கியைத் தேடும்போது மும்மை நிலை கடைசிக் கேள்வி. அதை எட்டுவது இலகு. முதற் கேள்வி மட்டங்கள் உமிழிக்குக் கிட்ட நிற்கின்றனவா என்பது. இதைத் துலக்கமாகக் காட்டியது பென்சோகுயினோலின் பெரிலியம் சிக்கல். அதன் துளை மட்டம் 5.5 அளவு, மும்மை நிலை 2.2, ஒருமைக்கும் மும்மைக்கும் இடைவெளி 0.2 தான். அது விடும் ஒளி 515 நனோமீற்றர் பக்கம். சிவப்பு உமிழி ஒளியை உறிஞ்சும் இடத்தோடு ஒத்துப்போகும். சிபிபியின் ஒளியோ 400 நனோமீற்றரில், ஊதாவின் விளிம்பில். 2009 அளவில் தென்கொரிய ஆய்வாளர்கள் இந்தப் பெரிலியம் தாங்கியில் 1 சதவீத உமிழியை மட்டும் கலந்து 20 சதவீதத்தைத் தாண்டிய விளைதிறன் எடுத்தார்கள். சிபிபியில் அதே வேலைக்கு 6 முதல் 10 சதவீதம் வரை கலக்கவேண்டி வரும். அங்கே துளை உமிழிக்கு உமிழி தாவித்தான் நகர்கிறது. அவ்வளவு நெருக்கினால் உமிழிகள் ஒன்றையொன்று அணைக்கும், விலையுயர்ந்த இரிடியமும் வீண்.

பெரிலியத்தை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். அதன் தூள் சுவாசப்பையில் தீராத நோயை உண்டாக்கும். பொருளை ஆவியாக்கிப் படியவைக்கும் அறையைத் துப்புரவு செய்பவர்தான் அதைச் சுவாசிப்பார். இன்று பொருத்தமான வழி, துளையை நடத்தும் இந்தோலோகாபசோல் பக்கமும் இலத்திரனை நடத்தும் திரையசீன் அல்லது குயினசொலீன் பக்கமும் ஒரே மூலக்கூறில் சேர்ந்த இருமுனைத் தாங்கி. அல்லது இரண்டு பொருள்களைச் சமனாகக் கலந்த கூட்டுத் தாங்கி. இரண்டாவதில் துளையும் இலத்திரனும் இரு வேறு மூலக்கூறில் நின்றபடியே சேர்ந்து எக்சிற்றன் ஆவதால் வோல்ற்று குறையும், பிறக்கும் இடமும் அகலும். ஒரே இடத்தில் நெருங்காததால் மோதல் குறைவு.

சோதனைச் சாதனம் செய்யும்போது

தாங்கிகளை ஒப்பிட எளிய அடுக்கு: இந்தியம் வெள்ளீய ஒட்சைட்டுக் கண்ணாடி, துளை நடத்தும் படை 40 நனோமீற்றர், ஒளிப்படை 30, இலத்திரன் நடத்தும் படை 40, இலித்தியம் புளோரைட்டு 1, அலுமினியம் 100. கண்ணாடியைச் சவர்க்கார நீர், அயனகற்றிய நீர், அசற்றோன், ஐசோபுரோப்பனோல் என மீயொலித் தொட்டியில் ஒவ்வொன்றிலும் 10 நிமிடம் கழுவி, புறஊதா ஓசோனில் 15 நிமிடம் வைக்கவேண்டும். கடைசிப் படியைத் தவிர்த்தால் துளை நுழையும் வாசல் உயர்ந்து, குற்றம் தாங்கியின் மேல் விழும்.

ஒளிப்படையில் கை நடுங்கும் இடம் கலப்பு வீதம். தாங்கி செக்கனுக்கு 0.1 நனோமீற்றர் படிந்தால் 30 நனோமீற்றருக்கு 300 செக்கன். 1 சதவீத உமிழி செக்கனுக்கு 0.001 நனோமீற்றர். படியும் தடிப்பை அளக்கும் குவாட்ஸ் அளவியின் இரைச்சலே அந்த அளவுக்கு வரும். தாங்கியின் வீதத்தை 0.2 ஆக உயர்த்தலாம், அல்லது உமிழிக்கான அளவியை மூலத்துக்குக் கிட்ட இறக்கித் திருத்தக்காரணி போடலாம், இரண்டாவதே நல்லது. சிபிபிக்குக் கலப்பு சற்று விலகினாலும் பெரிதாகத் தெரியாது. பெரிலியம் சிக்கல் போன்ற ஒடுங்கிய சக்தி இடைவெளித் தாங்கியில் 1 சதவீதம் 0.5 ஆனால் தாங்கியே பச்சையாக ஒளிவிடத் தொடங்கும். நிறமாலையில் 500 பக்கம் ஒரு மேடு தெரிந்தால் கோளாறு அங்கேதான்.

கூட்டுத் தாங்கியை முன்கூட்டியே கலந்து ஒரே கிண்ணத்தில் ஆவியாக்குவதானால் இரண்டும் ஆவியாகும் வெப்பநிலை சில பாகைக்குள் ஒத்துப்போகவேண்டும். இல்லையேல் முதல் மாதிரியில் ஒரு பொருள் கூடும், கடைசி மாதிரியில் மற்றது கூடும். காலையில் செய்ததும் மாலையில் செய்ததும் ஒத்துவராது. உறையிடுவது நீரும் ஒட்சிசனும் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழுள்ள, கையுறை பொருத்திய மூடிய கைப்பெட்டிக்குள், ஈரமுறிஞ்சித் தாளோடு. கிழக்குக் கரைக் காற்றில் மூடி திறந்து வைத்த மாதிரியை நாளை அளக்கலாம் என்று நினைக்கவே கூடாது.

ஒப்பிடும்போது உச்ச விளைதிறனை மட்டும் பார்ப்பது ஏமாற்றும். 1000 கண்டெலாவில் எவ்வளவு மிஞ்சுகிறது, அங்கே வோல்ற்று எவ்வளவு என்று பார்க்கவேண்டும். 10 சதவீதமும் 6 வோல்ற்றும் உள்ள சாதனத்தை 20 சதவீதமும் 4 வோல்ற்றும் உள்ளது வென்றால், அதே ஒளிக்கு ஓட்டம் பாதி, மின்வலு மூன்றிலொன்று. நிறமும் ஒன்றாக இருக்கவேண்டும். 620 நனோமீற்றரில் கண்ணின் உணர்திறன் உச்சத்தின் 0.38, 640 இல் 0.175. ஆழ்ந்த சிவப்பு அழகுதான், ஆனால் அதே பிரகாசத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஒளித்துணிக்கை வேண்டும். அந்தச் சுமை திரும்பவும் தாங்கியின் தலையில்.

போனுக்குச் செய்தது

திரையைச் சரியாக்குவதாகச் சொல்லும் செயலிகள் மங்கிய இடத்தை மீட்பதில்லை. மங்காத இடத்தையும் தேய்த்துச் சமப்படுத்துகின்றன. அதை வேண்டாமென்று சொல்லப்பட்டது. புதிய திரைக்கு மூன்று வகை காட்டப்பட்டது: ஒரிஜினல், கொப்பி ஓலெட், கொப்பி எல்சிடி. கொப்பி எல்சிடியில் இந்தப் பட்டி வராது, ஆனால் பின்னொளி முழுநேரமும் எரிவதால் பற்றரி விரைவில் இறங்கும், வெயிலில் சூடும் கூடும். கொப்பி ஓலெட்டில் எந்தத் தாங்கி, எவ்வளவு ஆயுள் என்று எவரும் உத்தரவாதம் தரப்போவதில்லை. மாற்றுவதானால் பசை இளக 80 பாகைத் தட்டில் சில நிமிடம் போதும். சூட்டுத் துப்பாக்கியை ஒரே ஓரத்தில் நிறுத்தினால் நல்ல தாங்கியும் அங்கே நிலைமாறி, புதுத்திரையில் திட்டுத் தெரியலாம்.

உரிமையாளர் திரையை மாற்றவில்லை. பட்டி வேலையைக் கெடுக்கவில்லை என்றார். பிடி முன்கண்ணாடியிலிருந்து கழன்று, ஹாண்டிலுக்குக் கீழே நிழலில் ஏறியது. பிரகாசம் உச்சத்திலிருந்து பாதிக்கு இறங்கியது. நிழலில் அதுவே தாராளம். பயணி இல்லாத நேரம் திரை ஒரு நிமிடத்தில் அணையும்படி வைக்கப்பட்டது.

மூன்று மாதம் கழித்து அதே 255-க்கு-எதிர் படம் திரும்பவும் போடப்பட்டது. பட்டி மறைந்தது 230 இல்தான், முன்னைப்போலவே. ஆனால் அதற்குள் வாடை தொடங்கிவிட்டது, மேகமும் மழையுமாகப் பயணிகளும் குறைவு. பிடியை இடம் மாற்றியதன் பலன் எவ்வளவு, மழைக்காலத்தின் பலன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அடுத்த கச்சானுக்குப் பிறகு இன்னொருமுறை அளக்கவேண்டும்.